பதினைந்து வலையும் பௌர்ணமியும்

பழவேற்காடு,
23-11-1967.

திரு. தேசப்பன் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் மகள் பச்சையம்மாவின் வகுப்பாசிரியை. பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவளும் நான்தான். திங்கட்கிழமையிலிருந்து பச்சையம்மா பள்ளிக்கு வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று உங்கள் குப்பத்திலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பெண்கள் சொன்னார்கள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள்.

நேரிலேயே கேட்டுவிடலாம் என்று நேற்று மாலை படகுத்துறைக்கு வந்தேன். ஓடக்காரர் கயிற்றை அவிழ்க்கவில்லை. "உங்கள ஏத்திக்கினு வந்தா என் ஓடத்த கவுத்துடுவாங்க டீச்சரம்மா. இன்னா பேஜாரு பண்ணி வுட்டுட்டீங்கன்னு தெரிலயா?" என்றார். தெரியவில்லை என்று சொல்லித் திரும்பினேன்.

வழியில் யோசித்துப் பார்த்ததில் ஒன்று தோன்றியது. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் நான் பாடம் நடத்துவதில்லை. ஒரு புதிர்க் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம், பேசலாம், சண்டை போடலாம். இந்த மாதம் பத்தாம் தேதி எழுதியது இது: ஒரு கோயிலில் பதினைந்து குடும்பங்கள் முறை வைத்து, நாளைக்கு ஒரு குடும்பமாக விளக்கேற்றுகிறார்கள். அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் ஏற்றுகிறவருக்குப் பரிவட்டம் உண்டு. செப்டம்பர் 18 பௌர்ணமியில் தொடங்கினால், காணும் பொங்கல் முடிவதற்குள் எத்தனை குடும்பத்துக்குப் பரிவட்டம் கிடைக்கும்? காலண்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

எட்டு என்றார்கள், ஒன்பது என்றார்கள். பச்சையம்மா எழுந்து, "ரெண்டே பேருக்குத்தான் டீச்சர். மீதி பதிமூணு பேரும் சும்மா எண்ணெய் ஊத்திக்கினு கிடப்பாங்க" என்றாள். சரியான விடை. அது ஒரு விளையாட்டுக் கணக்கு. அதனால் யார் மனமாவது நொந்திருந்தால் வருந்துகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவோரின் பெயர்ப் பட்டியல் ஜனவரி 10-ஆம் தேதி பள்ளியிலிருந்து போய்விடும். அதற்குள் அவள் வகுப்புக்குத் திரும்பாவிட்டால் பெயர் சேராது. உங்கள் குப்பத்திலிருந்து இதுவரை ஒரு பெண்ணும் அந்தப் பரீட்சை எழுதியதில்லை என்று பதிவேடு சொல்கிறது. ஹனீப் பாய் கடையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் பதிலையும் அங்கேயே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஆ. சம்பூர்ணம், பி.எஸ்ஸி., பி.டி.

*

குப்பம்,
27-11-67.

மரியாதைக்குரிய டீச்சரம்மாவுக்குத் தேசப்பன் எழுதுவது. நான் அஞ்சாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் மன்னிக்கவும். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

விளையாட்டுக் கணக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு விளையாட்டு என்று எழுதவில்லை.

எங்கள் ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் வலை கட்ட ஒரே ஒரு நல்ல இடம் உண்டு. அதைப் பாடு என்போம். அங்கே நாளைக்கு ஒரு வலைதான் கட்டலாம். மற்ற வலைகள் ஏரிக்குள் எங்கேயாவது போட்டுக்கொள்ள வேண்டும். அமாவாசை, பௌர்ணமி அன்று தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும், இறால் கூட்டமாய்ப் போகும். அன்றைக்குப் பாடு யாருக்கோ அவன் வீட்டில் பதினைந்து நாளைக்கு அடுப்பு எரியும். அரை நிலா நாளில் தண்ணீர் நிற்கும். அன்றைக்குப் பாடு கிடைத்தவன் வலையை நனைத்துக் காய வைக்கலாம். யாருக்கு எந்த நாள் என்று முறை நோட்டு எழுதுகிறவன் நான். எனக்கு முன்னால் என் அப்பா எழுதினார்.

முன்பு பதிமூணு வலை. ஆடி மாதம் அருணாச்சலத்தின் மகன்கள் இரண்டு பேரும் முறை கேட்டார்கள். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வலை கொடு என்றார்கள் பெரியவர்கள். அண்ணன் தம்பி ஒரே வலையில் நின்றால் அடித்துக்கொள்வார்கள், ஆளுக்கு ஒன்று கொடுப்போம் என்று நான்தான் பேசி வாங்கிக் கொடுத்தேன். புரட்டாசி பிறந்ததும் பதினஞ்சு ஆனது.

அதிலிருந்து நல்ல தண்ணீர் நாளெல்லாம் என் வலைக்கே வந்தது. புரட்டாசியில் இரண்டு, ஐப்பசியில் இரண்டு. ராசிக்காரன் என்றார்கள். என் வலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உங்கள் கணக்குப் போட்ட மறுநாள் பச்சையம்மா கிணற்றடியில் துலுக்காணம் பெண்சாதியிடம், "வர்ற வெள்ளிக்கிழமை பௌர்ணமியும் எங்க வலைதான் பெரிம்மா. அப்பால பொங்கல் வரிக்கும் முனுசாமி மாமா வலை. உங்களுக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லியிருக்கிறாள். பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. என் வலைதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். துலுக்காணம் எனக்கு அண்ணன் முறை. எழுந்து, "இன்னா தேசப்பா, அஞ்சு தபா உனக்கே வந்துக்குது. ராசி ராசின்னு உன் வலையத் தொட்டுக் கும்பிட்டோமே, நாங்க இன்னா கேனப்பசங்களா?" என்றான். "ராசி இல்லாம வேற இன்னாண்ணா?" என்றேன். "உம் பொண்ணக் கூப்புடு. ராசியா கணக்கான்னு அது சொல்லும்" என்றான்.

பதினஞ்சு என்று ஏற்பாடு செய்தவன் நான். என் வலைக்கு எந்த இடம் என்று நோட்டில் எழுதியவனும் நான். இனிமேல் நான் என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்? நீங்கள் இங்கே வந்தால், டீச்சரும் தேசப்பனும் சேர்ந்து செய்தது என்று ஆகிவிடும். வர வேண்டாம். பச்சையம்மாவும் அங்கே வர மாட்டாள். படித்தது போதும்.

ஒன்று மட்டும். போன மாதம் கிளிஞ்சல் கணக்கு ஒன்று கொடுத்தீர்களாம். நூற்றுக்குள் ஓர் எண், மூணு மூணாக அடுக்கினாலும் நாலு நாலாக அடுக்கினாலும் ஒண்ணு மிச்சம், அஞ்சஞ்சாக அடுக்கினால் மிச்சமில்லை. இருபத்தஞ்சு என்று வகுப்பில் எல்லோரும் சொன்னார்களாம். எண்பத்தஞ்சும் வரும். அதை அவளுக்குச் சொன்னவன் நான்.

தேசப்பன்.

*

பழவேற்காடு,
2-12-1967.

திரு. தேசப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் திருத்த எதுவும் இல்லை. எண்பத்தைந்து என்று பச்சையம்மா சொன்னபோது, அவளே கண்டுபிடித்ததாகத்தான் நினைத்திருந்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

நேற்றைய அமாவாசையில் பாடு முனுசாமிக்குப் போனது என்று ஹனீப் பாய் சொன்னார். பச்சையம்மா சொன்னபடியே ஆகிவிட்டதால் உங்கள் நிலை இன்னும் கடினமாகியிருக்கும். அதனால் இந்த விளக்கத்தை எழுதுகிறேன். கூட்டத்தில் படித்துக் காட்டலாம்.

அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்குப் பெரும்பாலும் பதினைந்து நாள், சில சமயம் பதினான்கு. பதிமூன்று வலை இருந்தபோது பதினைந்து நாளில் முறை ஒரு சுற்று முடிந்து இரண்டு வலை கூடுதலாகப் போயிருக்கும். ஆகவே நல்ல நாள் ஒவ்வொரு தடவையும் இரண்டு வலை தள்ளி விழுந்தது. எல்லோருக்கும் வந்தது. பதினைந்து வலை ஆனதும், முறை ஒரு சுற்று முடிவதும் அடுத்த அமாவாசையோ பௌர்ணமியோ வருவதும் ஒரே நாளில் நிகழ்கின்றன. அதனால் நல்ல நாள் அதே வலையில் நின்றுவிடுகிறது. இடையில் ஒரு முறை பதினான்கு நாள் வந்தால்தான் ஒரு வலை நகரும். அதுதான் நேற்று நடந்தது. இதில் யாருடைய சூழ்ச்சியும் தேவையில்லை. இரண்டு சகோதரர்களுக்கு நியாயம் செய்யப்போய் வந்த விளைவு இது.

சரிசெய்வதும் எளிது. பதினாறாவதாக ஒரு முறையைச் சேர்த்து அம்மன் கோயிலுக்கு விடலாம். அப்போது நல்ல நாள் ஒவ்வொரு தடவையும் ஒரு வலையாவது நகர்ந்துகொண்டே இருக்கும்.

நான் ஏன் இந்தப் புதிர்களை வகுப்புக்குக் கொண்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். எடுத்துக்காட்டைப் பலகையில் போடுவேன், அதே மாதிரி பத்துக் கணக்கை அவர்கள் போடுவார்கள். விடை வரும். ஒரு குரலும் வராது. தலைமையாசிரியை வகுப்பைக் கடந்து போகும்போது, அமைதியான வகுப்பு என்று பாராட்டுவார். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, பாடம் முடிந்து நேரம் மிஞ்சியதால், மூன்று பேரில் ஒருத்தி மட்டும் பொய் சொல்கிறாள், யார் என்று கண்டுபிடியுங்கள் என்று ஒரு புதிரைச் சொன்னேன். மணி அடித்த பிறகும் நான்கு பெண்கள் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் கணக்கில் தொடர்ந்து தோற்பவர்கள். அதற்குப் பிறகு நிறுத்த மனம் வரவில்லை.

பச்சையம்மாவை அனுப்புங்கள்.

ஆ. சம்பூர்ணம்

*

குப்பம்,
9-12-67.

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

முதல் வரி முடிவதற்குள் அருணாச்சலம், "மெட்ராஸ்ல படிச்சிக்கினு வந்து நம்ம ஏரியில வலை கட்டச் சொல்லிக் குடுக்குதா அது?" என்றார். பதிமூணு வலை, பதினஞ்சு வலை என்று நீங்கள் எழுதிய இடம் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். துலுக்காணம் கேட்டான்: "நம்ம முறை நோட்டு டீச்சர் ஊட்டுக்கு எப்படிப் போச்சு? நீ அனுப்பிச்சியா, உம் பொண்ணு அனுப்பிச்சுதா?" பதினாறாம் முறை என்று படித்ததும் ஒருத்தன், "அது யாருக்கு, டீச்சருக்கா?" என்றான். சிரித்தார்கள். அம்மனுக்கு என்று எழுதியிருக்கிறது என்றேன். "அம்மனுக்கு நீ எப்பய்யா கணக்குப்புள்ள ஆன?" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிட்டேன்.

சூழ்ச்சி தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தேவையில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றா என்று முனுசாமியே கேட்டான். இப்போது நல்ல நாள் அவன் வலையில் நிற்கிறது. அவனையும் யாரும் நாஷ்டாவுக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. அவன் என் மேல்தான் கோபமாக இருக்கிறான்.

தை பிறந்ததும் பச்சையம்மா இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போவாள். பொன்னேரி ரோட்டில் கம்பெனிக்காரன் புதிதாகப் போட்டிருக்கிறான். குப்பத்தில் இருந்து பதினோரு பெண்கள் போகிறார்கள். விடியற்காலை வேன் வரும், பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விடும். அங்கே யாரும் புதிர் போட மாட்டார்கள்.

தேசப்பன்.

*

பழவேற்காடு,
14-12-1967.

திரு. தேசப்பன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் படிக்க வேண்டாம். இது உங்களுக்கு மட்டும்.

என் முதல் கடிதத்தில் ஓடக்காரரிடம், தெரியவில்லை என்று சொன்னதாக எழுதினேன். அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. அது விளையாட்டுக் கணக்கு என்று எழுதியதும் முழு உண்மை இல்லை.

அக்டோபர் மாதம் பகல் உணவு நேரத்தில் பச்சையம்மா மற்ற பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் எங்கள் வலைக்கு நல்ல ராசி, பதினைந்து வலையில் எங்களுக்கே மூணு தடவை வந்துவிட்டது, அம்மாவுக்குப் புதுப் புடவை எடுத்தார்கள் என்றாள். நான் பக்கத்து மேசையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். பதினைந்து என்ற எண் என் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போய்க் காலண்டரை எடுத்து நாள்களைக் குறித்துப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. பொங்கல் வரையில் யாருக்கு வரும், யாருக்கு வராது என்று எல்லாமே.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது பலமுறை யோசித்துவிட்டேன். பச்சையம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் சொல்லச் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு நான்கு வரி எழுதியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியதெல்லாம், எவ்வளவு நல்ல புதிர் என்பதுதான். வலையை விளக்காக மாற்றினேன், நல்ல நாளில் பாடு கிடைப்பதைப் பரிவட்டமாக மாற்றினேன், நாள்களை மட்டும் மாற்றவில்லை. நாள்களை மாற்றினால் புதிரின் அழகு போய்விடும் என்று நினைத்தேன்.

அவள் எழுந்து நின்றபோது நான் விடைக்காகக் காத்திருக்கவில்லை. அவள் முகத்தில் அது எப்போது தெரியும் என்று காத்திருந்தேன். ரெண்டே பேருக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னவள், உட்காரும்போது சிரிக்கவில்லை. செப்டம்பர் 18 என்று பலகையில் இருந்ததை இன்னொரு தடவை பார்த்தாள். நான் பலகையைத் துடைத்தேன். அன்று மாலை நடந்து வரும்போது, ஒரு மாணவி தானாகவே கண்டுபிடித்தாள் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

தவறு என்னுடையது. அவளுடையது இல்லை. அதற்காக அவள் இறால் உரிக்கப் போகக் கூடாது.

சம்பூர்ணம்

*

குப்பம்,
18-12-67.

டீச்சரம்மாவுக்கு,

கடிதத்தை நான் மட்டும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அதில் உங்களுக்கு என்ன போயிற்று? நீங்கள் அதை எனக்கு எழுதினீர்கள். நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. நாளைக்கும் நீங்கள் பள்ளிக்கூடம் போவீர்கள், பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். கோபத்தில் எழுதவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

முந்தாநாள் பௌர்ணமியும் முனுசாமிக்குத்தான் போனது. பச்சையம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இப்போதெல்லாம் வீட்டில் அவள் பேசுவதே இல்லை. கேட்டால் பதில் சொல்லுவாள். என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டாள். சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். அவள் அம்மா, "வயசுப் பொண்ண ஊட்டுல பூட்டி வெச்சிக்கினு இன்னாத்தக் கண்ட?" என்று என்னைக் கேட்கிறாள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கணக்குத் தெரிந்தவர்கள் நீங்கள். ஒரு காரியம் தானாக நடந்ததா, அல்லது ஒருத்தன் தெரிந்து நடக்கவிட்டானா என்று கணக்குச் சொல்லுமா? நோட்டைப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியுமா?

தேசப்பன்.

*

திருப்பாச்சூர்,
26-12-1967.

திரு. தேசப்பன் அவர்களுக்கு,

விடுமுறைக்கு என் தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்தேன். பதில் எழுத எட்டு நாள் ஆகிவிட்டது.

எனக்கு என்ன போயிற்று என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் போகவில்லை. இங்கே வரும் முன் தலைமையாசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். எதையும் ஈடுகட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்தச் சொன்னார். மார்ச் வரை கடைசி வகுப்பில் பழைய கேள்வித்தாள்களைப் போடப்போகிறோம். பெண்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பத்துக் கணக்கு, பத்து விடை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணக்கு சொல்லாது. எந்த நாள் யாருக்கு வரும் என்று சொல்லும், ஏன் வந்தது என்று சொல்லும். ஒரு மனிதருக்கு அது எப்போது தெரிந்தது என்று சொல்லாது. தானாக நடந்ததும் தெரிந்தே நடக்கவிட்டதும் நோட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் நோட்டை யார் பார்த்தாலும், நான் பார்த்தாலும், உங்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஜனவரி மூன்றாம் தேதி பள்ளி திறக்கிறது. பத்தாம் தேதி பட்டியல் போகிறது. இதற்கு மேல் நான் கேட்கப்போவதில்லை. விட்டுப்போன பாடங்களின் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். வட்டங்கள், கூட்டு வட்டி, இரண்டு தேற்றங்கள். அவளால் தானே படித்துக்கொள்ள முடியும்.

சம்பூர்ணம்

*

குப்பம்,
4-1-68.

டீச்சரம்மாவுக்கு,

நோட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். என் நோட்டில் அப்படி இல்லை.

ஆடியில் பதினஞ்சு வலை என்று நான் பேசியபோது எனக்கு எதுவும் தெரியாது. இது சத்தியம். முதல் பௌர்ணமி வந்தது, சந்தோஷப்பட்டேன். அடுத்த அமாவாசையும் வந்தது. மூன்றாவதாக ஐப்பசி பிறந்த அன்றைக்குப் பௌர்ணமி, அதுவும் எனக்கு. வலையைக் காயப்போட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்களுக்குக் கால் மணி ஆனது, எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. பொங்கல் வரைக்கும் அமாவாசை, பௌர்ணமி வருகிற தேதிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்தேன். இன்னும் இரண்டு எனக்கு, அப்புறம் நாலு முனுசாமிக்கு. நோட்டை மூடி வைத்தேன். ராசி என்று அவர்களேதான் சொன்னார்கள், நான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள்தானே, அப்புறம் நகர்ந்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் பத்தாம் தேதி சாயந்திரம் பச்சையம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கீழே வைக்காமல் நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். பக்கம் பக்கமாகத் திருப்பினாள். "நைனா, இது உனக்குத் தெரியுமா?" என்றாள். "தெரியாதும்மா" என்றேன். நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். புள்ளிகளைப் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை. பார்த்திருப்பாள். ஓரத்தில் இருப்பதையும் படிக்கிற பெண் அவள்.

அவளைப் பள்ளியை விட்டு நிறுத்தியது துலுக்காணத்துக்காக இல்லை. கூட்டத்தை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். தினமும் சாயந்திரம் படித்துவிட்டு வந்து அவள் என்னைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. நிறுத்திய பிறகு அவள் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அது அதைவிட மோசம்.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசைக்கும் முனுசாமி வலை கட்டினான். திங்கட்கிழமை கூட்டத்தில் நான் எழுந்து நோட்டைத் திறந்து, புள்ளி இருக்கிற பக்கத்தைத் துலுக்காணம் கையில் கொடுத்தேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. புள்ளியை எண்ணத் தெரியும். "இது எப்ப வெச்ச?" என்றான். ஐப்பசி முதல் தேதி என்றேன். "அன்னிக்கே சொல்லிக்கினு இருந்தா உனக்கு இன்னாடா கொள்ளை போச்சு? நாங்க இன்னா உன்ன அடிச்சா போட்டுட்டு இருப்போம்?" என்றான். அவன் வலைக்கு நாலு மாசமாக வந்ததெல்லாம் நின்ற தண்ணீர்.

நோட்டை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். ஆடி வரைக்கும் என் வலைக்குப் பாடு முறை இல்லை. ஏரிக்குள் கட்டிக்கொள்ளலாம். சரி என்றேன். முனுசாமி, "வர்ற பௌர்ணமி எனக்கு வாணாம், துலுக்காணண்ணன் கட்டட்டும்" என்றான். அப்புறம் துலுக்காணம் எழுந்து, "பதினாறாவதா அம்மனுக்கு ஒரு முறை வுட்டா எல்லாம் சரியாப்பூடும். எனக்கே இது ராத்திரி தோணிச்சு" என்றான். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். உங்கள் கடிதம் அப்போது என் மடியில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

பெண்பிள்ளைகள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றால் எல்லாம் கேட்கும். வீட்டுக்குப் போனேன். பச்சையம்மா சோறு போட்டாள். சாப்பிட்டு எழுந்ததும், "கூட்டு வட்டி எனக்கே புரிஞ்சிருச்சு நைனா. தேற்றம்தான் டீச்சர் சொல்லித் தரணும்" என்றாள்.

திங்கட்கிழமை வருவாள். கொட்டகை வேன்காரனுக்கு ஆள் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தேசப்பன்.

*

பழவேற்காடு,
8-1-1968.

திரு. தேசப்பன் அவர்களுக்கு,

பச்சையம்மா இன்று காலை முதல் மணிக்கு முன்பே வந்துவிட்டாள். ஏழு வாரப் பாடத்தில் அவளுக்குத் தெரியாதது இரண்டு தேற்றங்களும் வட்டத்தில் ஒரு பகுதியும் மட்டும்தான். பகல் உணவு நேரத்தில் உட்கார்ந்தால் இந்த மாதத்துக்குள் முடிந்துவிடும். மற்ற பெண்கள் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஏழாம் வகுப்புப் பெண்கள் முன்பே சொல்லியிருப்பார்கள்.

நானும் எதுவும் கேட்காமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். தேற்றத்தைப் போட்டு முடித்த பிறகு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டேன். "நைனா ஏரிக்குள்ள தூரமாப் போயி வலை கட்டுறாரு டீச்சர். வர லேட்டாவுது. வந்தா எங்கிட்ட பேசிக்கினு இருக்காரு" என்றாள். என்ன பேசுவார் என்று நான் கேட்கவில்லை.

உங்களுடைய கடைசிக் கடிதத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. நீங்கள் கூட்டத்தில் எழுந்து நின்றதை வாசித்தபோது, நான் தலைமையாசிரியையிடம் பேசிய ஐந்து நிமிடம் எவ்வளவு எளிதாக இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன்.

பட்டியலில் அவள் பெயரை எழுதிவிட்டேன். பெயருக்கு நேரே பெற்றோர் கையெழுத்து வேண்டும். அதைக் கடிதத்தில் வாங்க முடியாது, தலைமையாசிரியை முன்னால் போட வேண்டும். புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நாம் இதுவரை பார்த்துக்கொண்டதில்லை என்பதால், உங்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று பச்சையம்மாவைக் கேட்டேன்.

"கேட்டாண்டயே நின்னுக்கினு இருப்பாரு டீச்சர். யாராவது கூப்புடாத வரிக்கும் உள்ள வர மாட்டாரு" என்றாள்.

உள்ளே வாருங்கள்.

சம்பூர்ணம்